வெறும்பெட்டி கொடுக்காத வீடுகள்

மாலை ஆறு மணி. எங்கள் வீட்டு மணிக்கூடு அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால், பக்கத்து வளவின் உடுப்புக் கொடியில், நான் அதுவரை காணாத ஒரு சட்டை தொங்கியது. வெள்ளைத் துணி. தோள்வரை விரிந்த நீலக் கொலர். விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கொடியில் காயும் உடுப்புகள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை என் சினேகிதி. இருவருக்கும் ஒரே வயது. முதலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே பள்ளிக்கூடம் போய் வந்தோம். அவளிடம் எத்தனை சட்டை உண்டு, எது கைக்குக் கீழே கமக்கட்டில் கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும். இது அவளுடையதல்ல.

"எடி, உது ஆற்றை சட்டை?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"பெட்டி மாறிப் போச்சு. மலாயாப் பிள்ளையின்ரை."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைத் தொலைத்தவள் பேசுவது போல அது இல்லை.

அன்று பகல் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளை இரண்டு மாட்டு வண்டிகளில் கடற்கரையில் உள்ள கீரிமலைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து கீரிமலை அவ்வளவு தூரமில்லை. ஆனாலும் வருஷத்தில் ஒரு முறைதான் போவோம். கேணியில் குளித்து, கோயிலில் கும்பிட்டு, மடத்தில் சாப்பிட்டுத் திரும்புவது வழக்கம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மூடுபெட்டி கொண்டுபோக வேண்டும். பனையோலையில் இழைத்து, அதே ஓலையில் மூடியும் செய்த பெட்டி. போகும்போது அதற்குள் மாற்றுடுப்பு இருக்கும், வரும்போது ஈர உடுப்பு இருக்கும்.

பெட்டிகள் எல்லாம் ஒரே சந்தையில் வாங்கியவை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அதனால் ஒவ்வொரு தாயும் பழைய சீலையில் ஒரு துண்டு கிழித்து மூடியில் முடிந்துவிடுவாள். அதுதான் அடையாளம். எங்கள் பெட்டியில் மஞ்சள். சினேகிதியின் பெட்டியில் பச்சை. அந்த வருஷம் இன்னொரு பெட்டியிலும் அதே பச்சை இருந்தது.

மலாயாப் பிள்ளை என்று நாங்கள் சொன்னவள் ஆவணியில்தான் எங்கள் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவளுடைய தகப்பனார் மலாயாவில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி, குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியவர். மகள் மற்றப் பிள்ளைகளைப் போல இருக்க வேண்டும் என்று தாயார் சந்தையில் ஓலைப்பெட்டி வாங்கி, அடையாளத் துணி கட்டுவது வழக்கம் என்று கேட்டறிந்து, அதையும் கட்டியிருந்தார். அவரிடம் பழைய சீலை இல்லை. பட்டணத்திலிருந்து புடவைப் பொட்டணி சுமந்துவரும் முஸ்லிம் வியாபாரியிடம் புதிதாக வாங்கிய பச்சைச் சீத்தைத் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினார். சினேகிதியின் தாயாரும் அதே சீத்தை வாங்கியிருந்தார்; சட்டை வெட்டி மிஞ்சிய துண்டைத்தான் பெட்டியில் முடிந்தார்.

அந்த வியாபாரி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சீத்தையை விரித்துக் காட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"நிறம் கரையும் நானா. வேண்டாம்," என்றார் அம்மா.

"கரைஞ்சால் என்ரை மூஞ்சையிலை எறியுங்கோ, தங்கச்சி."

"நீங்கள் அடுத்த மாசம் வாற நேரம் நான் எறியிறதுக்கு நிக்க வேணுமே? வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டு துணியை மடித்து அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தப் பச்சை கரையவில்லை. அம்மா அன்று ஒரு முழம் வாங்கியிருந்தால் மாறிப்போன பெட்டி எங்களுடையதாகவும் இருந்திருக்கலாம் என்பதைப் பல நாள் யோசித்தேன்.

மறுநாள் காலை நான் அங்கே போனபோது மாமி (சினேகிதியின் தாயாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) நீலக் கொலர்ச் சட்டையைப் பாயின் கீழ் வைத்து மடிப்பு எடுத்திருந்தார். பெட்டிக்குள் வாழையிலை விரித்து, சட்டையை ஒரு பக்கம் வைத்து, மற்றப் பக்கம் பயத்தம் பணியாரம் அடுக்கினார்.

"உடுப்பு மட்டும் குடுத்தால் காணாதோ?" என்று கேட்டேன்.

"பிள்ளை, ஒரு வீட்டுப் பெட்டி எங்கடை வீட்டுக்குள்ளை வந்தால் அது வெறுமனே திரும்பிப் போகப்படாது. அதுவும் புதுச் சனம். என்ன நினைப்பினம்?"

இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பினால் குறை. ஒரு பிடி அரிசியாவது, ஒரு முருங்கைக்காயாவது அதற்குள் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் இந்த வழக்கம் இருந்ததில்லை. முந்திய வருஷம் கீரிமலையில், அவசரத்தில் துணியைப் பார்க்காமல் எடுத்ததால், என் பெட்டியும் அவளுடைய பெட்டியும் மாறின. அன்றிரவே வேலிக்கு மேலால் கை மாற்றிக்கொண்டோம். யாரும் எதையும் உள்ளே வைக்கவில்லை. வைத்திருந்தால் இரண்டு தாய்மாரும் சிரித்திருப்பார்கள்.

சினேகிதி பணியாரப் பெட்டியோடு மலாயா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது தன்னுடைய பெட்டியைக் கொண்டுவந்தாள். அதற்குள் அவளுடைய சட்டை இருந்தது. கிழிந்திருந்த கமக்கட்டு தைக்கப்பட்டிருந்தது; நாங்கள் தெறி என்னும் பொத்தான் அறுந்த இடத்தில், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஒரு சிறிய இரும்புத் தெறி இருந்தது. சட்டையின் மேல் கடதாசி சுற்றிய பிஸ்கற்று. அவள் அந்தத் தெறியை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் திறந்து திறந்து பூட்டிக் காட்டினாள். நான் "வடிவுதான்" என்றேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். அவரவர் பெட்டி அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் மாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கடை பெட்டியோ, அவையின்ரையோ? கொஞ்சம் புதிசாக் கிடக்கு."

"எங்கடைதானம்மா," என்றாள் சினேகிதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியேல்லை," என்றாள்.

பிறர் பொருளை வீட்டில் வைத்திருப்பது மாமிக்கு ஒவ்வாது. அடுத்த வெள்ளிக்கிழமை எள்ளுருண்டை வைத்து அந்தப் பெட்டியை மலாயா வீட்டுக்கு அனுப்பினார். அங்கே இப்போது இரண்டு பெட்டிகள். மலாயாத் தாயாருக்கும் எது எதென்று தெரியவில்லை. ஒன்றில் மாவும் சீனியும் சேர்த்துச் சுட்ட ஏதோ வைத்துத் திருப்பி அனுப்பினார். வந்த பெட்டி எது என்று மாமிக்கு மறுபடி சந்தேகம். இரண்டு வீட்டிலும் நல்ல மனுஷர்கள். நாங்கள் பிழையான பெட்டியை வைத்துக்கொண்டோம் என்ற பேர் எங்களுக்கு வரக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் நினைத்தார்கள். வெறும் பெட்டியை முதலில் அனுப்பும் துணிவு இரண்டு வீட்டாருக்கும் இல்லை. புரட்டாதி முழுவதும், ஐப்பசி முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெட்டி எங்கள் ஒழுங்கை வழியாகப் போனது அல்லது வந்தது.

கொண்டுபோகிறவள் உடனே திரும்புவதில்லை. அதுதான் என் கணக்கில் முக்கியமான விஷயம். முதல் வெள்ளி அவள் போனதும் வந்தாள். பிறகு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தாள். பிறகு விளக்கு வைத்த பின் அந்த வீட்டு வேலைக்காரன் அரிக்கன் லாம்போடு கூட்டிவந்து விட்டான். முதலில் "அந்தப் பிள்ளையின்ரை அம்மா" என்றவள், ஐப்பசி தொடங்கும்போது "மலாயா மாமி" என்றாள். ஐப்பசி முடியும்போது வெறும் "மாமி" என்றாள். நான் அவளுடைய தாயாரை அழைக்கும் அதே சொல். யாரைச் சொல்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் நான் கேட்க வேண்டியிருந்தது. தெரிந்தபோதும் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவார்களா?

"எங்கை உன்ரை சோடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவள் மலாயாவுக்குக் கப்பலேறிட்டாள்," என்றாள் இன்னொருத்தி.

"அப்ப உனக்கு?"

"இவவுக்குக் கீரிமலைதான். அங்கை இருந்து கப்பல் பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சினேகிதி அப்போது மலாயாப் பிள்ளையின் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என்னுடைய தலையை அவள் ஒரு நாளும் பின்னியதில்லை, நானும் கேட்டதில்லை.

மலாயாப் பிள்ளையைப் பற்றி நான் குறையாகச் சொல்ல ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முயன்றேன். அவள் அமைதியானவள். தமிழ் வாசிக்கும்போது திக்கினாள், அதற்காக வெட்கப்பட்டாள். பென்சிலைக் கேட்டால் கொடுத்தாள். கைகள் சுத்தமாக இருக்கும். இவ்வளவு நல்லவளை வெறுப்பது கடினமான வேலை. நான் அதை ஒவ்வொரு நாளும் செய்தேன்.

ஒரு நாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அம்மா, நாங்களும் அங்காலை ஒரு பெட்டியிலை ஏதும் வைச்சுக் குடுத்து விடுவமே?"

"அங்காலை எண்டால்?"

"பக்கத்து வளவுக்கு."

அம்மா சுளகை நிறுத்தினார். "என்ன விசரே உனக்கு? நேற்றுத்தானே வேலிக்கு மேலாலை வாழைப்பூக் குடுத்தனான். பெட்டி என்னத்துக்கு? சம்பந்தம் பேசப் போறியோ?"

"சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கிற கேள்வியோ உது? போய் ஆட்டுக்குக் குழை போடு."

அம்மா சொன்னது சரி. நெருங்கின வீட்டுக்குப் பெட்டி போகாது. பெட்டி போவது தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு. ஆனால் பெட்டி போகிற வீட்டுக்குப் பட்டுப் பாவாடை உடுத்திப் போகிறார்கள், கதிரையில் இருத்திக் கதை கேட்கிறார்கள், படலைவரை வந்து வழியனுப்புகிறார்கள். வேலிக்கு மேலால் வாழைப்பூ வாங்கும்போது முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

கார்த்திகை மழையோடு கூகைக்கட்டு வந்தது. சினேகிதியின் இரண்டு கன்னமும் வீங்கின. மாமி அவளுடைய தாடையைச் சுற்றித் துணி கட்டி உள்ளே படுக்க வைத்தார். எனக்கு அது முந்திய வருஷமே வந்து போயிருந்ததால் நான் போய்வரத் தடை இல்லை. உள்ளபடி சொன்னால் அந்தக் கிழமை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் எங்கும் போக முடியாது. நான் மட்டுமே அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்தப் பெட்டியை ஒருக்கா மலாயா வீட்டிலை குடுத்துப் போட்டு வாறியே? இவளுக்கு ஏலாது. போன கிழமை வந்தது, இன்னும் இஞ்சைதான் கிடக்கு."

"ஓம் மாமி."

மழை விட்டிருந்தது. ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்கு வெள்ளம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். மதகடியில் இறக்கி மூடியைத் திறந்தேன். பனங்காய்ப் பணியாரம். சூடு ஆறவில்லை. அதன் கீழ் விரித்திருந்த வாழையிலையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன்.

பெட்டியின் உள் அடியில் ஊதா நிறத்தில் கறை இருந்தது. அது நாவற்பழக் கறை. ஆடி மாதம் நானும் அவளும் இந்தப் பெட்டியில்தான் நாவற்பழம் பொறுக்கினோம். மேலே ஏறி இருந்தவள் அவள், கீழே பெட்டி பிடித்தவள் நான். நசுங்கின பழத்தின் சாறு ஓலையில் ஊறிவிட்டது. மாமிக்குத் தெரிந்தால் ஏசுவார் என்று வாழையிலை போட்டு மறைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் எதை வைப்பதானாலும் மாமி இருட்டுக் குசினிக்குள் வைத்தே இலையை விரிப்பார், அடியைக் கவனித்ததில்லை.

ஆக, நான் இப்போது சுமந்துகொண்டு போவது மலாயா வீட்டுப் பெட்டி அல்ல. சினேகிதியின் சொந்தப் பெட்டி. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. திரும்பிப் போய் இலையை நீக்கி மாமிக்குக் கறையைக் காட்டினால் போதும். வெள்ளிக்கிழமைகள் முடிந்துவிடும்.

அப்போது மலாயா வீட்டு வேலைக்காரன் மதகடிக்கு வந்தான். "எங்கடை வீட்டுக்கோ? தாரும் தங்கச்சி, நான் கொண்டு வாறன்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் பின்னால் போனேன்.

அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. சீமெந்து நிலம். பிரம்புக் கதிரைகள். ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி. கால் சேறாக இருந்ததால் நான் வாசலிலேயே நின்றேன். மலாயாப் பிள்ளை ஓடி வந்து எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவள் வரேல்லையோ?"

"கூகைக்கட்டு."

அவளுடைய முகம் வாடியது. அதைக் கண்டபோது எனக்கு அவள் மேல் முன்பைவிட அதிகம் எரிச்சல் வந்தது. அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது, இவ்வளவு வாடுவதற்கு?

தாயார் வந்தார். உயரமான மனுஷி. மெதுவாகக் கதைத்தார்.

"நீர் அந்த வீட்டுப் பிள்ளையோ?"

"இல்லை. பக்கத்து வளவு."

"அவைக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை."

"ஓ," என்றார். என் கையில் நாலு பிஸ்கற்று வைத்தார். பெட்டிக்குள் வேறு என்னவோ வைத்து மூடிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அவவின்ரை அம்மாவையும் ஐயாவையும் ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வந்து போகச் சொல்லும். ஒரு விஷயம் கதைக்க வேணும். மறந்து போகாதையும்."

நான் மறக்கவில்லை. சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மாமியிடம் சொன்னேன். பிஸ்கற்றைத் தம்பி தின்றான்.

அன்று மாலை சினேகிதியின் பாயருகில் இருந்தேன். மாமி குசினிக்குள் இருந்தார்.

"எடி, எனக்கு ஒண்டு தெரியும்," என்றேன். "இண்டைக்கு நான் கொண்டு போனது உன்ரை பெட்டி. அடியிலை நாவற்பழக் கறை கிடந்தது."

தாடையில் கட்டியிருந்த துணிக்குள்ளால் அவள் சிரித்தாள். சிரித்ததால் நொந்தது போலும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்ப தொட்டு?"

"முதல் நாள் தொட்டு."

"பேந்து ஏன் தெரியேல்லை எண்டு சொன்னனி?"

"தெரியுமெண்டு சொன்னால் பேந்து நான் என்னெண்டு அங்கை போறது?"

அவள் அதை மிகவும் சாதாரணமாகச் சொன்னாள். என்னிடம் மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் எழும்பி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியும் மாமாவும் மலாயா வீட்டுக்குப் போய் வந்தார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் கதைப்பது எங்கள் கிணற்றடிக்குக் கேட்டது. மலாயாப் பிள்ளையைத் தைமாதம் தெல்லிப்பழைப் பக்கத்தில் பாதிரிமார் நடத்தும் ஒரு கிறிஸ்தவ விடுதிப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறார்கள். அவள் தனியப் படுத்துப் பழகாதவள். துணைக்கு ஒரு பிள்ளை கூடப் போனால் நல்லது. எத்தனையோ பிள்ளைகள் ஊரில் இருந்தாலும், பழகி அறிந்த வீட்டுப் பிள்ளை வேண்டும்.

"வேதப் பள்ளிக்கூடம்," என்றார் மாமா. "ஒரு வருஷத்திலை பிள்ளை திருநீற்றைக் கழுவிப் போட்டு வந்து நிக்கும்."

"அவையும் சைவந்தானே. அவை விடேக்கை எங்களுக்கென்ன?"

"அவை மலாயா கண்டவை."

"இவள் தெல்லிப்பழையாவது காணட்டுமன். இஞ்சை இருந்து புகையிலைக்குத் தண்ணி இறைக்கவோ?"

 "இன்னும் கொஞ்சம் சொதி விடு," என்றார் மாமா. அவர் சம்மதித்துவிட்டார் என்பது அதிலிருந்து தெரிந்தது.

நான் உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, நானும் போகட்டோ?"

"எங்கை?"

"விடுதிக்கு."

"உன்னை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பேந்தென்ன? கேளாத இடத்துக்குப் போறது எங்கடை வழக்கமில்லை." பிறகு, "அவளுக்கு நீ ஒரு நல்ல சொல் சொல்லி அனுப்பு," என்றார்.

நல்ல சொல் எதுவும் எனக்கு வரவில்லை. மார்கழி முழுவதும் அவள் என்னிடம் விடுதியைப் பற்றியே கதைத்தாள். அங்கே கட்டில் இருக்குமாம். மணியடித்தால் எழும்ப வேண்டுமாம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் தரச் சொல்லி மாமி கேட்டிருக்கிறாவாம். எந்த மாமி என்று நான் கேட்கவில்லை.

தை மாதம், பொங்கல் கழிந்த பின், ஒரு காலையில் மலாயாக்காரர் பிடித்த வாடகைக் கார் எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. ஒழுங்கைக்குள் கார் வராது. மாமா றங்குப்பெட்டியைத் தோளில் சுமந்து போனார். சினேகிதி புதுச் செருப்புப் போட்டிருந்தாள். நடக்கப் பழகாமல் கால்களை அகல வைத்து நடந்தாள். எங்கள் படலையடிக்கு வந்து நின்றாள்.

"போட்டு வாறன்," என்றாள்.

"ஓம்," என்றேன்.

"மாசியிலை வருவன். அப்ப எல்லாம் சொல்லுறன்."

காருக்குள்ளிருந்து மலாயாப் பிள்ளை அவளைக் கூப்பிட்டாள். பிறகு தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன். சாரதி இரும்புத் தடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பினான். மாமி கண்ணைத் துடைத்தார். அம்மா மாமியின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார்.

கார் சந்தியில் கிழக்கே திரும்பியது. எங்கள் ஊருக்குத் தெல்லிப்பழை கிழக்கே இருக்கிறது. அவளும் இனிப் பெட்டி போகிற தூரத்தில்தான்.